ஊசி வீட்டுச் சுவர் காயவில்லை

கண்ணாடி மாட்ட ஒரே ஓர் ஆணி அடித்ததுதான் குற்றம்.

அடித்தவர் ஊசியின் கணவர். அடித்த இடம் கூடத்துச் சுவர். இரண்டு அடிக்கு ஆணி அசையவில்லை. மூன்றாவது அடிக்கு ஆணி உள்ளே போவதற்குப் பதில் சுவர் வெளியே வந்தது. கதவளவு பூச்சு அப்படியே பெயர்ந்து, எந்த அவசரமும் இல்லாமல், சோபாவின் மேல் சாய்ந்து உட்கார்ந்தது. தூசி அடங்கியபோது, தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றிருந்த மனுஷர் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்று கேட்டார்.

ஊசி என்பது அவளுடைய அண்ணன் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் ஒல்லியாக இருந்தாள் என்று வைத்தது. இப்போது ஒல்லி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சின்ன அறையில் மிஷினைப் போட்டுத் தெருவுக்கே துணி தைக்கிறாள் என்பதால் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கணவருக்குச் சமாதானம் என்று பட்டப்பெயர். தண்ணீர் வரி ஆபீசில், புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்கள் எல்லோரிடமும் "நீங்க சொல்றதும் சரிதான்" என்று சொல்லியே தலைமுடியை நரைக்க விட்டவர்.

வேறு சமயமாக இருந்தால் ஊசி அந்தச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருப்பாள். இது அப்படி விடக்கூடிய சமயம் இல்லை. அவளுடைய ஒரே மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி குழந்தையைக் கையில் வாங்கியது கால் மணி நேரம்கூட இருக்காது. சம்பந்தியம்மா பக்கத்திலேயே நின்று, "கழுத்தைப் பிடிங்க, கழுத்தைப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில், ஊசி பார்த்ததெல்லாம் கழுத்தைத்தான். முகம் யார் ஜாடை என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியாது. மூன்று மாதம் மகளும் குழந்தையும் தன் வீட்டுக்கு வந்து இருக்கப்போகிறார்கள், அப்போது ஆசை தீரப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

சுவர் விழுந்த செய்தி எப்படித்தான் போய்ச் சேர்ந்ததோ, மறுநாளே சம்பந்தியம்மா போன் செய்துவிட்டாள்.

"இடிஞ்ச வீட்டுக்குப் பச்சக் குழந்தையை அனுப்ப முடியாதுங்க."

"இடியலைங்க சம்பந்தி. பூச்சுதான் கொஞ்சம் கொட்டிருச்சு."

"பூச்சு என்ன, வீடு என்ன, எல்லாம் ஒண்ணுதான். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நானே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன். சுவரு ஒழுங்கா, பெயின்ட் அடிச்சு, தூசி இல்லாம இருந்தா விட்டுட்டு வரேன். இல்லேன்னா வந்த வண்டியிலேயே திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாது."

ஊசி போனை வைத்தாள். பயப்பட என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கூடப்பிறந்த அண்ணன் கொத்தனார். கணவரின் தம்பி பெயின்டர். வெளியாள் ஒருவரைக் கூப்பிட வேண்டியதில்லை. அங்கேதான் அவள் கணக்குத் தப்பிப்போனது.

கொத்தனாரும் பெயின்டரும் முகம் கொடுத்துப் பேசி நாளாகிவிட்டது. ஊசியின் மகள் கல்யாணச் சாப்பாட்டில், பந்தி நடுவே, பெயின்டர் வாயைக் கொடுத்து ஆரம்பித்தது அது. "மச்சான் பூசின சுவத்தை நேரா நிறுத்தறதுக்கு எனக்கு மூட்டை மூட்டையா பட்டி மாவு போகுது" என்று அவர் எல்லோர் காதும் கேட்கச் சொன்னார். கொத்தனார் சாப்பிட்ட கையை உதறிவிட்டு, "மூஞ்சிக்குப் பவுடர் பூசறவனுக்கு எலும்பைப் பத்தி என்ன தெரியும்" என்றார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஊசிதான் தபால்காரி.

முதலில் கொத்தனார் வந்தார். சுவரை விரல் முட்டியால் தட்டித் தட்டி, பொக்கைச் சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தித் தள்ளினார். தண்ணீர் அடித்தார். சாந்து குழைத்து அப்பி, மட்டப்பலகையால் இழுத்து, கையால் தடவிப் பார்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் நின்று பார்த்தார். வேலை சுத்தமாக இருந்தது. அதைக் குறை சொல்ல முடியாது.

"ஊசி, நல்லா கேட்டுக்கோ. காலையும் சாயங்காலமும் தண்ணி விடணும். சிமென்ட் குடிக்கக் குடிக்கத்தான் இறுகும். கையை வச்சா சில்லுனு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, ஓர் ஈரச் சாக்கைச் சுவரின் மேல் தொங்கவிட்டுப் போனார்.

"சரிண்ணே" என்றாள் ஊசி.

மறுநாள் மதியம் பெயின்டர் வந்தார். பையில் சுவரைத் தேய்க்க உப்புத்தாள், பட்டி மாவு இழுக்கத் தகடு, ஒரு சுருள் பாலிதீன். காய்ச்சல்காரன் போர்வையை விலக்குவது போலச் சாக்கை விலக்கினார். கன்னத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றார்.

"அண்ணி, சுவரு அழுவுது" என்றார்.

"என்ன தம்பி சொல்றீங்க?"

"ஈரம் அண்ணி, ஈரம். இது மேலே பட்டி பாத்தா உப்புப் பூக்கும். கொப்புளம் கொப்புளமா எழும்பும். ஒரு மாசத்துல தோலு உரியற மாதிரி உரியும். சுவரு காயணும். கையை வச்சா கதகதன்னு இருக்கணும்." பாலிதீனில் ஒரு துண்டை வெட்டிச் சுவரில் நாலு பக்கமும் நாடா ஒட்டினார். "இதுக்குள்ளே வேர்த்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். வேர்வை நின்னாத்தான் நான் உப்புத்தாளைக் கையிலே எடுப்பேன். அதுவரைக்கும் ஃபேன் ஓடட்டும்."

"சரி தம்பி" என்றாள் ஊசி.

உண்மையில் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். முதலில் சில நாள் தண்ணீர், பிறகு சில நாள் காற்று. வரிசைப்படி விட்டால் சுவர் தானாகத் தேறிவிடும். ஆனால் எது எப்போது முடிகிறது, எது எப்போது தொடங்குகிறது என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பேச மாட்டார்கள். அண்ணன் பேச்சைத் தட்டினால் அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விடுவார். கொழுந்தன் பேச்சைத் தட்டினால் கொழுந்தன் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பேரும் வேண்டும். ஆகவே ஊசி இரண்டு பேர் பேச்சையும் கேட்டாள்.

காலையில் எழுந்ததும் ஒரு வாளித் தண்ணீரைச் சுவரில் அடித்து, சாக்கை நனைத்து மாட்டுவாள். வேலைக்குப் போகும் வழியில் கொத்தனார் எட்டிப் பார்த்து, புறங்கையைச் சுவரில் வைத்து, "சில்லுனு இருக்கு" என்று திருப்தியாகப் போவார். அவர் தெருமுனை திரும்பியதும் சாக்கைச் சுருட்டிக் குளியலறையில் ஒளித்துவிட்டு ஃபேனைத் தூக்கி வந்து வைப்பாள். மதியம் பெயின்டர் வந்து கன்னத்தை ஒட்டிப் பார்த்து, "பரவாயில்லை, தேறுது" என்பார். சாயங்காலம் ஃபேன் சின்ன அறையில் தைக்காத துணிக் குவியலுக்குள் போகும். சாக்கு வெளியே வரும்.

சுவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

"என்ன ஊசி இது, ஒட்டகம் மாதிரி குடிக்குது?" என்று கொத்தனார் கேட்டார்.

"என்ன அண்ணி இது, இவ்வளவு காத்து வாங்கியும் வேர்க்குதே. உள்ளே ஏதாவது குழாய் ஓடுதா?" என்று பெயின்டர் கேட்டார்.

ஊசி இரண்டு கேள்விக்கும் டீ கொடுத்தாள்.

இந்த ஏற்பாடு நடந்த வரைக்கும் நடந்தது. ஒருநாள் கொத்தனார் மட்டப்பலகையை மறந்துவிட்டு மதியத்தில் திரும்பி வந்தார். கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெயின்டர் சுவரில் கன்னம் வைத்துக் கண்மூடி நின்றிருந்தார். கொத்தனார் ஃபேனைப் பார்த்தார். பாலிதீனைப் பார்த்தார். குளியலறை வாசலில் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்த சாக்கைப் பார்த்தார்.

"ஊசி" என்றார் மெதுவாக. "அந்த ஆள்கிட்டச் சொல்லு. பிள்ளை குடிக்கிற பாலைப் பிடுங்கற மாதிரி வேலை இது."

அந்த ஆள் ஒரு முழத்துக்குள் நின்றிருந்தார். கன்னத்தை எடுக்காமலே சொன்னார். "அண்ணி, அவருகிட்டச் சொல்லுங்க. பிள்ளை பிறந்தாச்சு, வளர்ந்தாச்சு. இன்னும் பால் குடுத்தா ஜலதோஷம்தான் பிடிக்கும்."

"சொல்லு ஊசி, இறுகாத சிமென்ட் மேலே இவரு பட்டி பாத்தா, பட்டியோட சேந்து சுவரும் வரும்னு."

"சொல்லுங்க அண்ணி, வந்த சுவத்தை ஏற்கெனவே ஒரு தடவை பாத்தாச்சுன்னு."

"அது நான் பூசின சுவரு இல்லே. வீடு கட்டும்போதே இருந்தது."

"அதைத்தான் நானும் சொல்றேன் அண்ணி. பூசறவங்க எல்லாம் ஒரே ஜாதகம்."

ஊசிக்கு எதைச் சொல்லவும் இடம் கிடைக்கவில்லை. அன்று முதல் இரண்டு பேருமே வேறு வேலைக்குப் போகவில்லை. சுவரை மற்றவனிடம் நம்பி விட முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நின்று கால் வலித்ததும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள். கொத்தனார் மடியில் செம்பு. பெயின்டர் கையில் ஃபேன் சுவிட்ச். அவர் செம்பைத் தூக்கினால் இவர் ஃபேனைப் போடுவார். தண்ணீரில் பாதி சுவருக்குப் போகும், மீதி பறந்து வந்து சோபாவுக்குப் போகும்.

தைத்த துணியை வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். ஈரத்துணி போர்த்திய ஏதோ ஒன்று. மேலே பாலிதீன். பக்கத்தில் மின்விசிறி. இரண்டு பக்கமும் வாடிய முகத்தோடு ஆண்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமேல் அடி வைத்து உள்ளே வந்தாள்.

"இப்போ எப்படி இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காலையிலே கொஞ்சம் காஞ்சிருந்தது. இப்போ மறுபடியும் ஈரம்" என்றாள் ஊசி.

"பெரிய டாக்டர் யாரையாவது காட்டினீங்களா?"

அது சுவர் என்று தெரிந்த பிறகும் அவள் குரலை உயர்த்தவில்லை. உள்ளே வந்த தோரணையிலிருந்து இறங்கிவர அவளுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். அவளைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். மாடி வீட்டுக்காரி தன் மாமனாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் ஆளுக்கொரு முறை சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்கள். மாமனாருக்குக் காது கேட்காது. அவர் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு இருக்கு" என்றார். எதிர்வீட்டுக்காரர், தன் வீட்டுச் சுவருக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆனது, கடைசியில் என்ன செய்தும் பலிக்கவில்லை என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டம்மா அவர் தொடையில் கிள்ளி, "இந்த நேரத்துல போய் அதைச் சொல்றீங்களே" என்றாள்.

சுவருக்குக் கவலைப்பட ஒரு தெருவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கவலைப்பட ஊசி ஒருத்திதான்.

சமாதானம் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றாமலே பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தார். இரண்டு பேரையும் பேசவிட்டார். இரண்டு பேரும் அவரிடம்தான் பேசினார்கள் என்பதால் சண்டை ஒழுங்காக நடந்தது.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றார் மச்சானைப் பார்த்து. "நீ சொல்றதும் சரிதான்" என்றார் தம்பியைப் பார்த்து. "ஆபீசிலே ஒரே குழாய்க்கு ரெண்டு வீட்டுக்காரங்க அடிச்சுக்கிட்டா நாங்க என்ன பண்ணுவோம்? பாதிப் பாதி."

அவர் எழுந்து, ரசமட்டத்தையும் பென்சிலையும் வாங்கி, பூசின இடத்தின் நட்ட நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார். இடது பாதி கொத்தனாருக்கு. இஷ்டம்போல நனைக்கலாம். வலது பாதி பெயின்டருக்கு. இஷ்டம்போல உலர்த்தலாம். காற்று அந்தப் பக்கம் போகாமல், தண்ணீர் இந்தப் பக்கம் வராமல் கோட்டின் மேல் ஒரு பலகையைச் செங்குத்தாக நிறுத்தினார்.

இரண்டு பேரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றவன் பாதி பாழாய்ப் போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்ற சந்தோஷம் இருவர் முகத்திலும் தெரிந்தது.

"சொத்தைப் பிரிப்பாங்க, கேட்டிருக்கேன். சுவத்தைப் பிரிச்சது உலகத்திலேயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் ஊசி.

"பாத்துக்கிட்டே இரு. எப்படி அமைதியா இருக்குன்னு."

அமைதியாகத்தான் இருந்தது. இடது பாதி கறுத்துக் குளிர்ந்து பாசி பிடிக்கத் தயாராக நின்றது. வலது பாதி வெளுத்துச் சூடாகி, தட்டினால் சத்தம் வந்தது. பெயின்டர் தன் பாதியில் உப்புத்தாளும் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். ஊசிக்கே லேசாக நம்பிக்கை வந்தது.

சனிக்கிழமை காலை பலகையை எடுத்தார்கள். சுவர் பிளந்திருந்தது.

பென்சில் கோடு எங்கே போனதோ அங்கேயே விரிசல் போயிருந்தது. ஒரு பாதி சுருங்க, ஒரு பாதி ஊறி நிற்க, நடுவில் சுவர் வேறென்ன செய்யும்? மேலிருந்து முக்கால் தூரத்துக்குக் கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. கீழே மட்டும் கொஞ்சம் வளைந்து இடது பக்கம் நுழைந்திருந்தது. ஊசி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சமாதானம், "கோடு நேராத்தான் போட்டிருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

கொத்தனாரும் பெயின்டரும் மண்டியிட்டு விரிசலின் அடிப்பக்கத்தை ஆராய்ந்தார்கள்.

"அண்ணி, பாருங்க. விரிசலு அவரு பக்கம் போகுது. அவரு சொத்து அது" என்றார் பெயின்டர்.

"போகலை ஊசி, தப்பிச்சு வருது. அந்தப் பக்கத்துக் கொடுமை தாங்காம எங்கிட்ட அடைக்கலம் கேட்டு ஓடி வருது" என்றார் கொத்தனார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள் ஊசி.

யாரும் கேட்கவில்லை. அவள் இன்னொரு முறை சொன்னாள். "நாளைக்கு அந்தம்மா வந்து, இந்தச் சுவத்தைப் பாத்துட்டு, குழந்தையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடும். என் பேத்தி யார் ஜாடைன்னு எனக்குத் தெரியாது. தெரியுமா உங்களுக்கு? கழுத்து மட்டும்தான் தெரியும் எனக்கு."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு தலையைக் குனிந்தபடியே, "மச்சான் மட்டும் முதல்லயே..." என்று ஒருவர் ஆரம்பிக்க, ஊசி எழுந்து சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் அவள் கையில் பெரிய பூப்போட்ட திரைச்சீலை இருந்தது. கூரைக்குக் கீழே கயிறு கட்டி, சுவரை ஓரத்திலிருந்து ஓரம் வரை மூடினாள்.

"சுவத்துக்குச் சட்டை தைச்சிட்டியா?" என்றார் கணவர்.

"உங்க ரெண்டு பேரையும் நாளைக்கு நான் இந்த வீட்டுல பாக்கக் கூடாது" என்று அண்ணனிடமும் கொழுந்தனிடமும் சொன்னாள். "ரெண்டு பேரும் சரி, ரெண்டு பேரும் நல்லவங்க. எங்கேயாவது போய் நல்லவங்களா இருங்க."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து நின்றது. சம்பந்தியம்மா முதலில் இறங்கி, "எஞ்சினை நிறுத்தாதேப்பா. ரெண்டு நிமிஷத்துல திரும்பிடுவோம்" என்று டிரைவரிடம் சொன்னது ஊசியின் காதில் தெளிவாக விழுந்தது. பின்னால் மகள் குழந்தையோடு வந்தாள். ஊசி கையை நீட்டினாள். சம்பந்தியம்மா நடுவில் புகுந்து, "முதல்லே கூடத்தைப் பாத்துடலாம்" என்றாள்.

கூடம் பளிச்சென்று இருந்தது. சம்பந்தியம்மா சோபாவில் விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலில் தூசி இல்லை. திரையின் முன்னால் போய் நின்றாள்.

"இதுக்குப் பின்னாலே என்ன, ஜன்னலா?"

"ஆமா" என்றார் சமாதானம்.

"இல்லே" என்றாள் ஊசி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சம்பந்தியம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். அதற்குள் திரைக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள். வேறொருவர், "மெதுவா" என்று அதட்டினார்.

சம்பந்தியம்மா திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

ஒரு பாதி கறுப்பு, ஒரு பாதி வெளுப்பு, நடுவில் விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் கொத்தனார் செம்போடு. அந்தப் பக்கம் பெயின்டர், கன்னத்தைச் சுவரில் வைத்தபடி. மற்றவன் போகாமல் தான் போவதில்லை என்று இரண்டு பேரும் விடியும் முன்பே, ஊசி கண்ணில் படாமல், கொல்லை வழியாக வந்து நின்றிருந்தார்கள்.

"இவங்க யாரு?"

"எங்க அண்ணன். அது எங்க கொழுந்தன். கல்யாணத்துல பாத்திருப்பீங்க."

"அப்போ உக்காந்திருந்தாங்க" என்றாள் சம்பந்தியம்மா.

வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசி மறைக்க நினைத்ததை எல்லாம் விட்டுவிட்டாள். ஆணியிலிருந்து பென்சில் கோடு வரை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது சம்பந்தியம்மாவைப் பார்க்கவில்லை. மகள் தோளில் கிடந்த குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது. முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கழுத்து மட்டும் தெரிந்தது.

சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரின் இடது பாதியில் உள்ளங்கையை வைத்தாள். வலது பாதியில் வைத்தாள். பெயின்டரைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டுக் கன்னத்தை வைத்தாள். விரிசலில் நகத்தை விட்டு நோண்டினாள்.

"ரெண்டு பேரும் தப்பு" என்றாள்.

"எப்படி?" என்று இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

"இந்த விரிசலை முதல்லே உளியால வாயைப் பிளக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு நனைக்கணும். அடைக்கணும். ஊற விடணும். அதுக்கப்புறம் காய விடணும். பாலிதீனாம், கன்னமாம். ஒரு தீப்பெட்டியைத் திறந்து சுவத்தோட ஒட்டி வைங்க. மறுநாள் குச்சி பத்திக்கிச்சுன்னா சுவரு காஞ்சிருக்கு. பத்தலேன்னா ஈரம். எங்க வீட்டுல எந்தச் சுவத்துக்கும் நான் இதைத்தான் பண்ணுவேன்."

"தீப்பெட்டி பொய் சொல்லும்மா. மழை நாளிலே எந்தக் குச்சியும் பத்தாது" என்றார் பெயின்டர்.

"மழை பெய்யுதா இப்போ?"

"பெய்யலே."

"அப்போ ஏன் பேசறே?"

கொத்தனாருக்கு அது பிடித்திருந்தது. சிரித்தார். சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பினாள். "நீ சிரிக்காதே. ஊற வைக்கிறதுக்கும் ஊறுகாய் போடறதுக்கும் வித்தியாசம் இருக்கு. செம்பைக் கீழே வை."

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான்.

"அவனைப் போகச் சொல்லுங்க" என்றாள் சம்பந்தியம்மா, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல். "வீட்டுக்குப் போய் என் துணிமணியும் மாத்திரையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இவங்க ரெண்டு பேர்கிட்டயும் இதை விட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. குழந்தை அந்தச் சின்ன ரூமுல இருக்கட்டும். சுவரு காய்ஞ்சு, உப்புத்தாள் போட ஆரம்பிக்கிற அன்னிக்கு நாங்க கிளம்பிடுவோம். அந்தத் தூசியும் பெயின்ட் வாசமும் பச்சக் குழந்தைக்கு ஆகாது. அதுவரைக்கும் இருக்கேன்."

ஊசிக்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. சின்ன அறைக்குள் போய் மிஷினை ஓரமாகத் தள்ளினாள். மகள் குழந்தையை அவள் மடியில் வைத்தாள். யாரும் "கழுத்தைப் பிடிங்க" என்று சொல்லவில்லை. ஊசி நிதானமாக முகத்தைப் பார்த்தாள். மூக்கு சமாதானத்தின் மூக்கு. பாவம், பெண்ணாகப் பிறந்து இந்த மூக்கா என்று தோன்றியது. தூக்கத்தில் குழந்தை உதட்டைக் குவித்து, எதையோ ஒப்புக்கொள்ளாதது போல முகத்தைச் சுளித்தது. அது ஊசியின் அம்மா செய்வது. ஊசிக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாமல் கண்ணை நீர் மறைத்தது.

கூடத்தில் வேலை மும்முரமாக நடந்தது. விரிசல் பிளக்கப்பட்டது, நனைக்கப்பட்டது, அடைக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். கொத்தனாரும் பெயின்டரும் இப்போது ஒருவருக்கொருவர் நேராகவே பேசினார்கள். சம்பந்தியம்மாவை எதிர்க்க வேறு வழி இல்லை. சமாதானம் ஆபீசுக்குச் சீக்கிரமாகக் கிளம்பி, தாமதமாக வந்தார்.

"அம்மா, உனக்குத் தெரியுமா" என்றாள் மகள் ஒருநாள், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி. "அங்கே இருந்தப்போ நான் இவளைத் தூக்கினா தப்பு, இறக்கினா தப்பு. இங்கே வந்ததிலேருந்து அத்தை இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலே. முழு நேரமும் சுவத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. நான் நேத்து மதியம் தூங்கினேம்மா. ரெண்டு மணி நேரம்."

அப்போது கூடத்திலிருந்து தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. இத்தனை நாளும் வெறும் உரசல் சத்தம்தான் கேட்கும். இன்று குச்சி சீறியது. பற்றவில்லை. ஆனால் சீறியது.

"நாளைக்குப் பத்திக்கும்" என்றாள் சம்பந்தியம்மா வெற்றிக் குரலில். "நாளை மறுநாள் உப்புத்தாள். சம்பந்தி, நாங்க கிளம்பிடறோம். வண்டிக்குச் சொல்லிடுங்க."

"பாலிதீன்லயும் வேர்வை குறைஞ்சிருக்கு" என்றார் பெயின்டர்.

"இப்போ இறுகிருச்சு. இனிமே காயலாம்" என்றார் கொத்தனார்.

அந்தச் சுவர் விஷயத்தில் மூன்று பேரும் ஒன்றாகப் பேசியது அன்றுதான். ஊசி மகள் மடியிலிருந்த குழந்தையை வாங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஊசி கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை அலசினாள். வாளி நிறையத் துணி. அவற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக் கொடியருகே போனபோது மகள் பின்னாலேயே வந்தாள்.

"இங்கே வேண்டாம்மா. தெருத் தூசி முழுக்கக் குழந்தைத் துணியிலே படியுது. உள்ளே காயப்போடேன்."

"உள்ளே எங்கே?"

"திரை மாட்டின கயிறு இருக்குல்ல."

சுவருக்குக் காவலாக ராத்திரியும் கூடத்திலேயே படுத்திருந்த மூன்று பேரும் இன்னும் எழுந்திருக்கவில்லை. கயிறு சுவருக்குச் சற்று முன்னால், ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடியது. குழந்தைத் துணியைக் காயப்போடுவதை யாரும், சம்பந்தியம்மாகூட, குற்றம் சொல்ல முடியாது. ஊசி முதல் துணியை வாளியிலிருந்து எடுத்து, பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் முறுக்கப் போனாள்.

"பிழியாதேம்மா" என்றாள் மகள்.

ஊசி கையைத் தளர்த்தினாள். சொட்டச் சொட்ட அதைச் சுவரோடு ஒட்டினாற்போல் விரித்துப் போட்டுவிட்டு, அடுத்ததற்கு வாளியில் கையை விட்டாள்.